மன்னிப்பே கேட்காதவரை மன்னித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

அலைவரிசை:
சொத்து விவகாரம். விவரம் வேண்டாம், உங்களுக்கே புரியும். அப்பாவின் கையெழுத்தை அண்ணனே போட்டுக்கொண்டான். நான் கேஸ் போடவில்லை, பேச்சை மட்டும் நிறுத்திவிட்டேன். போன ஞாயிறு ஆராதனையில் எனக்கு முன்வரிசையில் அவன். பரமண்டல ஜெபத்தில் ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற இடம் வந்ததும் அவன் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. எனக்கு வாய் அடைத்துப்போய்விட்டது. அந்த வரியை நான் சொல்லவே இல்லை. ஏமாற்றியவன் அவன், ஜெபம் நின்றுபோனது எனக்கு. என்ன நியாயம் இது?

ஊசிமல்லி:
அக்காவின் கணவர் கைநீட்டுகிறவர். சபை மூப்பரிடம் போனோம். மத்தேயு 18-ஐத் திறந்து ‘ஏழெழுபதுதரமட்டும்’ மன்னிக்கச் சொல்லும் வரியில் விரலை வைத்துக் காட்டினார். அக்கா அன்றைக்கு முழுக்கை உடுப்பு போட்டிருந்தாள். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. அங்கே சீஷன் பேதுரு இயேசுவிடம் கேட்டது எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்றுதானே? எத்தனை தரம் அடிவாங்க வேண்டும் என்றா கேட்டார்?

பழைய பேனா:
ஊசிமல்லி சொல்வது சரி. அலைவரிசைதான் எனக்கு ஒப்பவில்லை. கேஸும் போடாமல் பேசவும் செய்யாமல் இருப்பது மன்னிப்பில் சேராது.

என் கதை சின்னது. மேலதிகாரியிடம் என்னைப் பற்றிக் கோள் சொன்னவர், பிற்பாடு என்னிடமே சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தார். கொடுத்தேன். நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசுவே, பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் அறைந்தபோது ‘என்னை ஏன் அடிக்கிறாய்’ என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, சும்மாவும் விடவில்லை. பிலிப்பி பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுலை விசாரிக்காமலே அடித்துச் சிறையில் போட்டு, மறுநாள் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தார்கள். அதிகாரிகளே வந்து வெளியே கூட்டிப்போகட்டும் என்றார் அவர். ‘பழிவாங்குதல் எனக்குரியது’ என்ற வசனத்தை ரோமருக்கு எடுத்து எழுதியதும் அதே பவுல்தான். போப் இரண்டாம் ஜான் பால், 1981-ல் தன்னைச் சுட்ட அக்ஜாவை மருத்துவமனையில் இருந்தபோதே மன்னித்தார். 1983-ல் சிறைக்கே போய்ப் பார்த்தார். ஆனாலும் இத்தாலி அவனுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தது 2000-ல்தான்.

ஆகவே, அலைவரிசை, அண்ணனிடம் நேரில் போய்க் கேளுங்கள். முதலில் தனியாக, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு, அப்புறம் சபைக்கு. மத்தேயு 18:15-லிருந்து அதுதான் வரிசை. லூக்கா 17:3-ம் ‘கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் (செய்ததற்கு மனம் வருந்தினால்) மன்னி’ என்றுதான் சொல்கிறது.

கூரைமேல்:
பேனா அண்ணே, ‘மனஸ்தாபப்பட்டால்’ என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். படாவிட்டால்?

செய்யாத திருட்டுக்காக விடுதியில் எல்லார் முன்னாலும் என்னை முட்டிபோட வைத்த வாத்தியாரைப் பல வருஷம் கழித்துத் தேடிப் போனேன். ‘உங்களை மன்னிச்சுட்டேன் சார்’ என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ‘எதுக்குப்பா?’ என்றார். நடிப்பு இல்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

சிலுவையில் ‘பிதாவே, இவர்களுக்கு மன்னியும்’ என்று அவர் சொன்னபோது கீழே உடுப்புக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே எவன் மனஸ்தாபப்பட்டான்?

பழைய பேனா:
அங்கேயும் அவர் பேசியது பிதாவிடம், தம்பி. சீட்டுப் போட்டவர்களிடம் போய் ‘மன்னித்துவிட்டேன்’ என்று சொல்லவில்லை. நீங்களும் வாத்தியாரிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

கூரைமேல்:
இத்தனை வருஷமும் சொல்லாமல்தானே அண்ணே இருந்தேன்.