டாவி (சுருங்கின அயோர்ட்டிக் வால்வுக்குள்ள ரத்தக்குழாய் வழியா புது வால்வு வைக்கிறது) கேஸ்ல ஹார்ட் நின்ன அனுபவம் யாருக்காவது இருக்கா?

மயக்க டாக்டர்:
வால்வு சரியா உட்கார்ந்துச்சு, வால்வு நகராம இருக்க ஹார்ட்டை வேகமா துடிக்க வைக்கிற ரேபிட் பேசிங்கையும் நிறுத்தியாச்சு, பிரஷர் மட்டும் திரும்பி வரல. 180ல பேஸ் பண்ணும்போது சிஸ்டாலிக் 50க்குப் போறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நிறுத்தினா ஏறிடும். இது ஏறல. ஈசிஜி அழகா ஓடுது, பிரஷர் காட்டுற ஆர்ட்டீரியல் லைன் மட்டும் படுத்துக்கிச்சு. வயர் புடிச்சிருந்தவர் "வரும் வரும்"ங்கிறார், நான் பிரஷர் ஏத்துற நார்அட்ரினலின் தள்ளிட்டே கம்ப்ரஷன் ஆரம்பிங்கன்னு கத்தினேன். அந்த "வரும் வரும்" இன்னும் காதுலயே இருக்கு.

கேத் லேப் நர்ஸ்:
எங்களுக்கு விஎஃப், அதாவது ஹார்ட் துடிக்காம நடுங்குறது. பழைய வால்வை பலூனால விரிச்சது மட்டும்தான் ஆகியிருந்துச்சு. பேட் முன்னாடியே ஒட்டியிருந்ததால ஷாக்குக்கு லேட் ஆகல, ஆனா எக்ஸ்ரே காட்டுற சி-ஆர்ம் நெஞ்சுக்கு நேர் மேல நிக்குது, தள்ளினாதான் கை வைக்க முடியும், தள்ளினா ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியாது, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஷாக்ல ரிதம் வந்ததும் உடனே வால்வை வச்சுட்டாங்க. அந்த வால்வு அடைப்பு இருக்குற வரைக்கும் என்ன அழுத்தினாலும் ரத்தம் வெளிய போகாதே.

எக்கோ பாக்குறவன்:
மயக்க டாக்டர் சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்ல. விழுந்த பிறகா நார்அட்ரினலின்? பேசிங்குக்கு முன்னாடியே பிரஷரை ஏத்தி வைக்கணும். தடிச்ச எல்வி (இடது கீழறை), டயஸ்டாலிக் பிரஷர் விழுந்தா ஹார்ட்டுக்கே ரத்தம் குடுக்குற கரோனரிக்கு ரத்தம் போகாது, போகலன்னா சுருங்காது, சுருங்கலன்னா இன்னும் விழும். என் கேஸ் சின்னது, ஸ்டிஃப் வயர் எல்வியைக் குத்தி டாம்பனேட் (சுத்தி ரத்தம் சேர்ந்து ஹார்ட்டை அமுக்குறது), ஊசி போட்டு இழுத்ததும் ஏறிடுச்சு. ஆனா எல்லாருக்கும் சொல்றேன், கம்ப்ரஷன் ஓடும்போதே எக்கோ ப்ரோப் வைங்க. சுத்தி ரத்தம் சேர்ந்திருக்கா, வால்வு நகர்ந்திருக்கா, ஓரத்துல லீக் கொட்டுதா, சுவர் அசையலையா. அசையலன்னா பழைய வால்வோட லீஃப்லெட் (இதழ்) லெஃப்ட் மெயின்ங்கிற பெரிய இடது கரோனரியை மூடியிருக்கலாம், கரோனரி வாயோட உயரம் வால்வு வளையத்துலருந்து 12 மிமீக்குக் கீழன்னா சிடிலயே உஷாராகணும், அதுக்கு மேலன்னா கவலை இல்ல. எக்மோவா (ஹார்ட், நுரையீரல் வேலையை வெளியிலிருந்து செய்யுற மெஷின்) வேண்டாமான்னு கேஸுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க, நெஞ்சுல கை வச்சப்புறம் மீட்டிங் போடாதீங்க. அழுத்தினதுல புது வால்வோட ஃபிரேம் நசுங்கவும் வாய்ப்பிருக்கு, பிரஷர் வந்ததும் மறுபடி பாத்துடுங்க.

ஐசியூ நர்ஸ்:
லேப்ல நின்னதையே பேசுறீங்க, எங்க பாட்டிக்கு மேல வந்தப்புறம் நின்னுச்சு. ஏற்கனவே ஆர்பிபிபி (ஹார்ட்டோட வலது மின்பாதையில தடை) உள்ளவங்க, டெம்பரரி பேசிங் வயரை சாயந்திரமே எடுத்தாச்சு. ராத்திரி தலகாணியை ஏத்தி வைம்மான்னு சொல்லிட்டிருந்தவங்க பாதி வார்த்தையில நின்னுட்டாங்க, மானிட்டர்ல மேலறையோட பி வேவ் மட்டும் வரிசையா போகுது, பின்னாடி கீழறைத் துடிப்பு ஒண்ணுமே இல்ல. அழுத்திட்டே பேட் ஒட்டி வெளியிலிருந்து பேஸ் பண்ணோம். மறுநாள் பர்மனென்ட் பேஸ்மேக்கர். அப்படிப்பட்டவங்களுக்கு வயரை எடுக்க என்ன அவசரமோ!

மயக்க டாக்டர்:
எக்கோ சார், நார்அட்ரினலின் முதல்லருந்தே ஓடிட்டுதான் இருந்துச்சு, நான் சொன்னது அதுக்கு மேல ஒரே தடவையா தள்ளின போலஸ். முன் சுவரும் பக்கச் சுவரும் அசையல, லெஃப்ட் மெயினேதான். அழுத்திட்டே ஸ்டென்ட் வச்சாங்க, ஆள் நடந்துதான் வீட்டுக்குப் போனார். சிடில அவருக்குக் கரோனரி வாய் உயரம் 13 மிமீ சார், மேலன்னா கவலை இல்லைன்னு எழுதாதீங்க.