வேறு கிரெடிட் யூனியனின் கிளையில் நம் கணக்கு: ஷேர்ட் பிராஞ்ச் பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி:
அமெரிக்காவில் ஒரு கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு வங்கி மாதிரி) கணக்கு இருக்கிறது. குடிபோகும் மாநிலத்தில் அதற்குக் கிளை இல்லை. கோ-ஆப் ஷேர்ட் பிராஞ்ச் (ஒரு யூனியனின் உறுப்பினர் வேறு யூனியனின் கிளையில் தன் கணக்கைக் கையாள உதவும் வலையமைப்பு) அங்கே இருந்தால் கணக்கை மூடாமல் சமாளிக்கலாமா? கவுன்டரில் என்ன கேட்பார்கள்?

பதில் 1:
சமாளிக்கலாம், ஆனால் இரண்டு யூனியனும் அந்த வலையமைப்பில் இருக்க வேண்டும். யூனியனின் முழுப் பெயர், உறுப்பினர் எண், காலாவதியாகாத புகைப்பட அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கம் தயாராக இருக்கட்டும். ஒரே மாதிரிப் பெயரில் பல யூனியன்கள் உண்டு, ஊரையும் சொல்லுங்கள். டெபிட் கார்டை நீட்டிப் பயனில்லை. கார்டு எண் வேறு, உறுப்பினர் எண் வேறு.

புதுக் கணக்கு, கடன் விண்ணப்பம், முகவரி மாற்றம் எல்லாம் சொந்த யூனியனில்தான். முகவரியைக் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

பதில் 2:
ஆள் சறுக்குவது பணம் கட்டும்போது. டெல்லரின் (கவுன்டர் ஊழியரின்) திரையில் சேமிப்பு, செக்கிங் (செக் எழுதும் அன்றாடக் கணக்கு), கார் கடன் மூன்றும் ஒரே உறுப்பினர் எண்ணுக்குக் கீழே, எண்ணின் கடைசியில் சேரும் தனித்தனிப் பின்னொட்டோடு வரிசையாக நிற்கும். வெறுமனே "டெபாசிட்" என்றால் சேமிப்பில் போய் விழக்கூடும். செக்கிங்கை நம்பிக் கொடுத்த செக் திரும்பி வரும். ரசீதில் பின்னொட்டைப் பார்த்துவிட்டே கவுன்டரை விட்டு நகருங்கள். அப்போதே சொன்னால் டெல்லரே திருத்துவார். நாள் கடந்தால் உங்கள் யூனியன் வலையமைப்பு வழியாகக் கோரிக்கை போட வேண்டும், அது இழுக்கும்.

கார் கடனை மொத்தமாக அடைப்பதாக இருந்தால் அந்தத் திரையில் தெரியும் பாக்கியை நம்பாதீர்கள். வட்டி தினமும் ஏறுகிறது. சொந்த யூனியனிடம் தேதி போட்ட அடைப்புத் தொகையைக் கேட்டு வாங்குங்கள். நாலைந்து டாலர் மிச்சமிருந்தாலும் கார் டைட்டில் (உரிமைப் பத்திரம்) வராது.

பதில் 3:
செக் போட்டால் ஹோல்டு விழலாம், அதாவது பணத்தை உடனே எடுக்க முடியாமல் நிறுத்திவைப்பார்கள். வேறொருவர் பெயருக்கு எழுதி உங்களுக்குக் கைமாறிய செக்கைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். ரொக்கம் எடுப்பதற்குத் தினசரி வரம்பு உண்டு, பெரிய தொகை என்றால் முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள். 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் புழங்கினால் தொழில், முகவரி கேட்டு அரசுக்குப் படிவம் போகும். அது சட்டம், சந்தேகம் அல்ல.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், போலி அடையாள அட்டையோடு வருகிறவர்களுக்கு முகம் தெரியாத கவுன்டர்தான் வசதி. தவிர, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உங்கள் யூனியன் அந்தக் கிளைக்குக் கட்டணம் தருகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஏடிஎம்முக்கும் இதே ஏற்பாடுதானா?

பதில் 1:
இல்லை, அது தனி. ஏடிஎம் வலையமைப்பில் இருக்கிற யூனியன் ஷேர்ட் பிராஞ்ச்சில் இல்லாமலும் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.