சைட்டில் அடிபட்ட அன்று டாக்டரிடம் என்ன சொன்னீர்கள்? சிங்கப்பூர் அனுபவங்கள்

மன்னார்குடிக்காரன் (கட்டுமானக் கம்பி வேலை, 9 வருடம்):

போன வாரம் டேக்காவில் (லிட்டில் இந்தியா) ஒரு தம்பியைப் பார்த்தேன். கையில் கட்டு. சட்டைப்பையில், மடித்து மடித்துக் கிழியப்போகிற ஸ்பெஷல் பாஸ், அதாவது பெர்மிட் போனவர் கேஸ் முடியும் வரை இங்கே தங்கத் தருகிற தாள். "அண்ணே, எனக்கு எத்தனை பாயிண்ட் வரும்?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. நானும் ஒரு காலத்தில் கண்ணில் பட்டவரிடமெல்லாம் அதையே கேட்டுத் திரிந்தவன்தான். ஆனால் பாயிண்ட் (காயத்தால் நிரந்தரமாகப் போன திறனுக்கு டாக்டர் போடுகிற சதவீதம்) கடைசியில் வருவது. அடிபட்ட அன்றைக்கே பாதி கதை முடிந்துவிடுகிறது. என் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

2022 நவம்பர். மழை விட்டிருந்த நேரம். கிரேனில் கம்பிக் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வைத்த மரக்கட்டை சரியாக உட்காரவில்லை என்று கையை விட்டுத் தள்ளினேன். அது என் தப்புதான், மறைக்கவில்லை. கட்டைத் தூக்கியிருந்த சிலிங் கயிறு ஒரு பக்கம் நழுவியது. வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கம்பிக்கும் மரக்கட்டைக்கும் நடுவில். வலி உடனே தெரியவில்லை. கையுறையில் இரண்டு விரல் மட்டும் அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. சூப்பர்வைசர் தன் வண்டியில் ஏற்றினார். வழியெல்லாம் ஒரே பாட்டு: "டார்மிட்டரி பாத்ரூம் கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு. மத்ததைக் கம்பெனி பாத்துக்கும்." ஆஸ்பத்திரியில் அவரே முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். நர்ஸ் தமிழ்ப் பெண். அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, எங்க அடிபட்டுச்சு?" என்று கேட்டார். நான் சேறு அப்பிய பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிறேன். பாத்ரூமுக்கு யார் பூட்ஸ் போட்டுக்கொண்டு போவார்கள்? "சைட்ல, கம்பி எறங்குறப்போ" என்றேன். அவர் தட்டச்சு செய்தார். அவ்வளவுதான். பிறகு ஆறு மாதம் நடந்த இழுபறியில் அந்த ஒரு வரியை யாராலும் அழிக்க முடியவில்லை.

இங்கே வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, நாம் 'விக்கா' என்கிறோமே, அதுதான். இதில் யார் தப்பு என்று பார்ப்பதில்லை. வேலையின்போது, வேலையினால் அடிபட்டால் போதும் (குடித்துவிட்டு வந்திருந்தால் வேறு). வக்கீல் தேவையில்லை. உடம்பு உழைப்பு வேலை செய்கிற எல்லாருக்கும் முதலாளி இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். கம்பெனி புகார் செய்யாவிட்டால், விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் நாமே மனிதவள அமைச்சில் கிளைம் போடலாம். நான் பெண்டெமியர் ரோட்டில் இருக்கிற அமைச்சு அலுவலகத்துக்குப் போய்த்தான் போட்டேன்.

அப்புறம் சம்பளக் கணக்கு. இதைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம். என் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) ஒரு நாளைக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மாதம் 520. ஓடியோடு (ஓவர்டைம்) சேர்த்தால் ஆயிரத்தைத் தொடும். எம்சி (டாக்டர் எழுதித் தருகிற மருத்துவ லீவ்) நாட்களுக்குக் கம்பெனி பேசிக்கை மட்டும் கொடுத்தது. சட்டப்படி கடைசி 12 மாதச் சராசரியில் ஓடியும் சேரும். வெளிநோயாளி எம்சி என்றால் முதல் 14 நாளுக்கும், ஆஸ்பத்திரி லீவ் என்றால் 60 நாள் வரைக்கும் முழுச் சராசரி. அதன் பிறகு, விபத்திலிருந்து ஒரு வருடம் முடியும் வரை மூன்றில் இரண்டு பங்கு.

எனக்கு வந்தது 5 பாயிண்ட், அதாவது 5 சதவீதம். இன்சூரன்ஸிலிருந்து வந்த முதல் கடிதத்தில் 4,850 வெள்ளி. எப்படி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முழு ஊனத்துக்கு அப்போது சட்டத்தின் குறைந்தபட்ச அளவு 97,000. அதில் 5 சதவீதம். அதாவது பேசிக்கை வைத்துக் கணக்குப் போட்டு, அதுவும் எட்டாமல், தரை மட்டத்தைத் தந்திருக்கிறார்கள். மறுப்புச் சொல்ல 14 நாள்தான் தருகிறார்கள். பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் 11 மாத பே ஸ்லிப் வைத்திருந்தேன். 12-வது எலி கடித்த மாதிரி இருந்தது, அதையும் சேர்த்துக் கொடுத்தேன். தொகை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கானது.

இடையில் என் வேலை பெர்மிட்டை வெட்டிவிட்டார்கள். ஸ்பெஷல் பாஸில் வேலை செய்ய முடியாது. சட்டப்படி சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனி பொறுப்பு. எனக்குப் பாய் கிடைத்தது, சாப்பாடு வரவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவுகிற டி.டபிள்யூ.சி.2 அமைப்பு தருகிற இலவசச் சாப்பாட்டில்தான் அந்த மாதங்கள் போயின.

சேஃப்டிக்காரன் (கோஆர்டினேட்டர், பாசிர் ரிஸ்):

நான் கம்பெனிப் பக்கத்து ஆள். திட்டினாலும் பரவாயில்லை, உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். முன்பு மூன்று நாளுக்கு மேல் எம்சி போனால்தான் அமைச்சுக்குப் புகார் செய்ய வேண்டும் என்று இருந்தது. அதனால் சில கம்பெனிகள் ஆளைத் தெரிந்த கிளினிக்குக்கு அழைத்துப் போகும். எலும்பு விரிசலுக்கு இரண்டு நாள் எம்சி, மிச்சம் லைட் டியூட்டி. கை கட்டோடு ஒருவன் சைட் ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் அதுதான் லைட் டியூட்டி. 2020 செப்டம்பர் 1-லிருந்து புதுச் சட்டம். எம்சி ஒரு நாளானாலும், வெறும் லைட் டியூட்டி ஆனாலும் புகார் செய்தாக வேண்டும். இருந்தும் பழைய புத்தி போகவில்லை. "ரெண்டு நாள்தானே, ரிப்போர்ட் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பழைய சட்டம்தான் தெரியும், இல்லை தெரியாத மாதிரி நடிக்கிறார்.

மன்னார்குடி அண்ணன் சொன்ன 97,000 இப்போது இல்லை. 2025 நவம்பர் 1 முதல் நடக்கிற விபத்துகளுக்கு 116,000.

பரமக்குடியிலிருந்து:

என் வீட்டுக்காரர் கதை வேறு மாதிரி முடிந்தது. படிக்கட்டு அச்சுப் பலகை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஃபோர்மேன் நம் ஊர்ப் பக்கம், நல்லவர் மாதிரிதான் பேசுவார். "எதுக்கு வம்பு, ஊருக்குப் போயி வைத்தியம் பாரு, சரியானதும் கூப்பிடுறேன்" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தார். இவரும் நம்பி வந்துவிட்டார். மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். போனை எடுக்கவில்லை அந்த ஃபோர்மேன்.

பத்து மாதம் கழித்து ஒருவர் சொல்லித்தான் ஒரு வருடக் கெடு என்பதே தெரிந்தது. அடித்துப் பிடித்துக் கிளைம் போட்டோம். கெடுவுக்குள் போட்டும் நிற்கவில்லை. சிங்கப்பூர் கிளினிக் சீட்டில் "முதுகு வலி" என்று மட்டும் இருந்தது. வேலையில் நடந்தது, பலகை தூக்கினார், எந்தத் தேதி, எதுவும் இல்லை. இவரும் டாக்டரிடம் சொல்லவில்லை. "கேட்டாதானே சொல்ல முடியும்" என்கிறார் இன்றைக்கும். கூட வேலை பார்த்த பங்களாதேஷ் பையனின் நம்பர்கூட இவரிடம் இல்லை.

அறந்தாங்கி தம்பி:

அண்ணே, வக்கீல் வைத்தால் அதிகம் கிடைக்கும் என்கிறார்களே?

சாரக்கட்டு (இப்போது ஊரில்):

தம்பிக்கு நான் சொல்கிறேன். நான் அந்த வழியில் போனவன். சாரத்தில் ஒரு பலகை இல்லை, சாரத்தின் இரண்டாவது அடுக்கிலிருந்து விழுந்தேன், இடது குதிகால் நொறுங்கிவிட்டது. விக்கா அல்லது சிவில் வழக்கு, இரண்டில் ஒன்றுதான். வழக்கு என்றால் விக்கா கிளைமைத் திரும்பப் பெற வேண்டும். முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டும். விபத்திலிருந்து மூன்று வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். ஜெயித்தால் வலி வேதனைக்கும் வருங்கால வருமானத்துக்கும் சேர்த்துக் கேட்கலாம், அது உண்மை. தோற்றால் இரண்டும் போச்சு.

பலகை இல்லாத இடத்தை, நான் விழுந்த பத்து நிமிடத்தில் ஒருவன் போனில் படம் எடுத்திருந்தான். மறுநாள் அங்கே புதுப் பலகை மாட்டிவிட்டார்கள். அந்தப் படம் இல்லையென்றால் வழக்கே இல்லை. ஆனால் ஹார்னஸ் (பாதுகாப்புப் பட்டை) போட்டிருந்தும் கொக்கியை மாட்டவில்லை என்று என் மேலும் பங்கு வைத்தார்கள். சமரசத்தில் 30 சதவீதம் கழிந்தது. இரண்டரை வருடம் ஆனது. கழித்தது போகவும் விக்காவைவிட அதிகம்தான். என்றாலும் ஒரு விரலுக்கோ பத்து தையலுக்கோ இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. டேக்காவில் ஒரு ஆள் டீ வாங்கிக் கொடுத்து, "எங்க லாயர் பாத்துக்குவாரு" என்று வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பான். டீயைக் குடியுங்கள், கையெழுத்து வேண்டாம்.

தஞ்சாவூர் கம்பி வேலை:

இங்கே இந்தியாவிலும் வழி இருக்கிறது, அதற்காக ஒரு வரி. 2022-ல் என் மச்சானுக்குக் கம்பி வெட்டும் மிஷினில் கட்டைவிரல் போய்விட்டது. அடுக்குமாடி கட்டுகிற கம்பெனி. "கூலி கொடுத்தது மேஸ்திரி, அவரைக் கேளு" என்றார் இன்ஜினியர். 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பிரிவு 12 அப்படிச் சொல்லவில்லை. வேலையைக் குத்தகைக்கு விட்ட கம்பெனியே கொடுக்க வேண்டும், பிறகு மேஸ்திரியிடம் அவர்கள் வாங்கிக்கொள்ளலாம். (சொந்தமாக ஒரு வீடு கட்டுகிறவர் என்றால் கதை வேறு.) கட்டைவிரலுக்கு 30 சதவீதம் என்று அட்டவணையிலேயே இருக்கிறது. மச்சானுக்கு 35 வயது, அந்த வயதுக்குச் சட்டம் தருகிற காரணி (பெருக்கும் எண்) 197.06. மாதக் கூலிக்கு அப்போது உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000, அதைக் காரணியால் பெருக்கி 30 சதவீதம் எடுத்தால் 5,32,062 ரூபாய். ஆனால் மச்சானிடம் கூலிக்கு ஒரு தாள்கூட இல்லை. மேஸ்திரியின் சிட்டை நோட்டில் சனிக்கிழமை சனிக்கிழமை எழுதிய கணக்கைத்தான் தொழிலாளர் துணை ஆணையரிடம் காட்டினோம். 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. இனி அடிபடுகிறவர்கள் அதில்தான் கேட்க வேண்டும்.

அறந்தாங்கி தம்பி:

எல்லாருக்கும் நன்றி அண்ணே. உண்மையைச் சொன்னால் கேட்டது எனக்கில்லை, ரூம்மேட்டுக்கு. நேற்று மதியம் ஏணி சறுக்கிக் கணுக்கால் வீங்கிக் கிடக்கிறான். கிளினிக்கில் இரண்டு நாள் எம்சி. சூப்பர்வைசர்தான் கூடப் போனார்.

மன்னார்குடிக்காரன்:

தம்பி, உள்ளே டாக்டரிடம் பேசியது யார், அவனா சூப்பர்வைசரா? எம்சி தாளில் காயம் எப்படி ஆனது என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். நீங்களே போங்கள், சூப்பர்வைசர் வேண்டாம். ஏணி எந்த பிளாக், எத்தனாவது மாடி, எத்தனை மணி என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். போகிற வழியில் ஏணியைப் படம் எடுக்க முடியுமா பாருங்கள், இன்னும் அங்கேயே இருந்தால்.