நேவி பால் நைட்டுக்கு முதல் தடவை போறேன், அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

தண்டையார்பேட்டை_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் நேவியில பதினோரு வருஷமா இருக்கார். செய்லராத்தான் சேர்ந்தார், ஒடிசா சில்காவுல ட்ரெயினிங். டூட்டி முடிச்சு வந்து ராத்திரி ராத்திரியா படிச்சு, ஆபீசர் ஆகறதுக்கான எஸ்.எஸ்.பி. தேர்வு பாஸ் பண்ணி, கேரளா எழிமலை நேவி அகாடமியில ட்ரெயினிங் முடிச்சு இந்த வருஷம் ஆபீசரா வெளிய வந்தார். பாசிங் அவுட் அன்னிக்கு அவர் தோள்பட்டையில மூடியிருந்த துணியை நானும் மாமியாரும்தான் எடுத்தோம். எனக்குக் கை நடுங்கிச்சு. மாமியார் ஒரே இழுப்புல எடுத்துட்டாங்க.

இப்ப அவருக்கு விசாகப்பட்டினம் போஸ்டிங். நான் பொண்ணோட அம்மா வீட்டுல இருக்கேன், இந்த மாசக் கடைசியில கிளம்பணும். டிசம்பர் நேவி வீக்ல பால் நைட், அதாவது ஆபீசர்ங்க ஜோடியா வர்ற டான்ஸ் பார்ட்டி இருக்காம், ஜோடியா வரணும்னு கார்டு வந்திருக்கு. அவருக்கு மெஸ் டிரஸ்னு போட்டிருக்கு. லேடீஸுக்கு ‘ஃபார்மல்’னு ஒரே வார்த்தை.

இத்தனை வருஷம் எனக்குத் தெரிஞ்சது பராகானாங்கற விருந்துதான். குடும்பத்தோட போவோம், ஆபீசர்ங்களே வந்து பரிமாறுவாங்க, குழந்தைங்க ஓடிட்டு இருக்கும், பயமே இருக்காது. இது வேற மாதிரின்னு சொல்றாங்க. பட்டுப்புடவை கட்டலாமா, கவுன் வாங்கணுமா? டான்ஸ் ஆடித்தான் ஆகணுமா? நான் குடிக்க மாட்டேன், கிளாஸ் நீட்டினா வேணாம்னு சொன்னா மரியாதைக் குறைவா ஆயிடுமா? கார்ப்பரேஷன் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சேன், அப்புறம் பி.காம். இங்கிலீஷ் புரியும், பேச வந்தா தொண்டை அடைக்கும். அவர்கிட்ட கேட்டா, ‘எனக்கும் இதான் முதல் தடவை’ங்கறார்.

எம்சிரோடு_டெய்லர்_அக்கா:

புடவையே கட்டுங்க சிஸ்டர். என்கிட்ட ஜாக்கெட் தைக்கற ரெண்டு மூணு பேர் மிலிட்டரி, நேவி வீட்டுக்காரங்க. எல்லாருமே இந்த மாதிரி ஃபங்ஷனுக்குப் புடவைதான் தைக்கக் கொண்டு வருவாங்க. ஆனா கல்யாணப் பட்டு வேணாம். அகல ஜரிகை பார்டர் வெச்ச காஞ்சிபுரம் நாலு மணி நேரம் நின்னா இடுப்பை இழுக்கும், கொசுவம் விறைப்பா நின்னு நடக்க விடாது. எம்.சி. ரோட்டுல சாஃப்ட் சில்க் கேளுங்க. சின்ன பார்டர், ஒரே அடர் நிறம். ராத்திரி லைட்ல மயில்கழுத்து நிறம், அரக்கு ரெண்டும் எடுப்பா தெரியும்.

அன்னிக்குப் போடப்போற செருப்பைப் போட்டுக்கிட்டே ஃபால் மடிப்பு பாருங்க. தரையில இருந்து ஒரு விரல்கடை மேல இருக்கணும். வீட்டுல வெறுங்காலோட அளவு பார்த்துட்டு அங்க ஹீல்ஸ் போட்டா புடவை தூக்கிக்கிட்டு நிக்கும். ஜாக்கெட் கையை ரொம்பப் பிடிப்பா வைக்கச் சொல்லாதீங்க, தட்டு பிடிக்கணும், கை தூக்கணும். புது ஜாக்கெட்டை ஒரு நாள் வீட்டுல போட்டு வேலை செஞ்சு பாருங்க, எங்க இறுக்குதுன்னு தெரியும்.

ராயபுரத்து_அம்மா:

கண்ணு, உன் கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். எங்க வீட்டுக்காரரும் செய்லரா சேர்ந்து ஆபீசர் ஆனவர்தான். ரிட்டயர் ஆகி ராயபுரத்துக்கே வந்துட்டோம். அதனால நீ எதைக் கேக்கற, எதைக் கேக்காம விட்டிருக்கன்னு எனக்குத் தெரியுது.

சின்ன விஷயங்களை முதல்ல சொல்லிடறேன். கார்டுல போட்ட நேரத்துக்கு முன்னாடியே உள்ள இருக்கணும், சீஃப் கெஸ்ட் வர்றதுக்குள்ள. அவர் கிளம்பற வரைக்கும் நீங்களும் கிளம்பக் கூடாது. அதனால பொண்ணை யார்கிட்ட விடறதுன்னு இப்பவே ஏற்பாடு பண்ணிக்கோ, பத்து மணிக்கு வந்துடுவேன்னு யார்கிட்டயும் சொல்லாதே. குடிக்காதது பெரிய விஷயமே இல்ல, பாதிப் பேர் கையில ஃப்ரெஷ் லைம்தான் இருக்கும். கிளாஸை இடது கையில பிடி. வலது கையில பிடிச்சா ஐஸ் தண்ணி பட்டு கை சில்லுன்னு ஈரமா இருக்கும், அப்பதான் யாராவது கை குடுக்க வருவாங்க.

உன் வீட்டுக்காரருக்கு வெள்ளை மெஸ் ஜாக்கெட், கறுப்பு பேன்ட், போ டை, இடுப்புல கம்மர்பண்ட். கம்மர்பண்டோட மடிப்பு மேல் பக்கம் பார்த்து இருக்கணும், அவசரத்துல தலைகீழா கட்டிடுவாங்க, பார்த்துக்கோ. மெடல் சின்ன சைஸ்ல தனியா இருக்கும், மினியேச்சர்னு சொல்லுவாங்க. யூனிஃபார்ம்ல குத்தற பெரிய மெடல் இதுக்கு வராது. அவர் புது ஆபீசர், அதை இப்பவே தைக்கக் குடுத்துட்டாரான்னு கேளு. ரெட் சீ ரிக்னு இன்னொண்ணு இருக்கு, அரைக்கை வெள்ளைச் சட்டையோட. அதுல ஜாக்கெட் கிடையாது, மெடல் கிடையாது. கார்டுல மெஸ் டிரஸ்னு போட்டிருந்தா அது இல்ல.

போன் விஷயம். 2019 டிசம்பர்ல கப்பல்லயும் பேஸ்லயும் ஸ்மார்ட்போனுக்குத் தடை போட்டாங்க, ஃபேஸ்புக்குக்கும் சேர்த்து. அங்க இப்ப எது வரைக்கும் கொண்டு போகலாம்னு அவர்கிட்ட கேட்டுக்கோ. அம்மாவுக்கு போட்டோ வேணும்னா வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு எடுத்துக்கோ. நீ இங்க அவர் கப்பல் பேரை எழுதாம விட்டது ரொம்ப சரி, இனியும் எழுதாதே.

இப்ப பெரிய விஷயம்.

1994 டிசம்பர், கொச்சி. அவர் ஆபீசர் ஆகி எங்களுக்கு முதல் பால் நைட். எனக்கு முப்பது வயசு. அகல பார்டர் போட்ட கல்யாணப் பட்டைத்தான் கட்டிட்டுப் போனேன், டெய்லர் அக்கா மாதிரி சொல்ல அன்னிக்கு யாரும் இல்ல. கூட்டத்துல ஒருத்தர் ஷூ என் கொசுவத்து மேல பட்டிருக்கு, எனக்குத் தெரியல. தேசிய கீதம் ஆரம்பிச்சதும் எல்லாரும் விறைப்பா நின்னாங்க, நானும் நின்னேன். அப்பதான் கொசுவம் இடுப்புல இருந்து மெதுவா நழுவறது தெரிஞ்சுது. கையை அசைக்க முடியாது. வயித்தை எக்கி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஐம்பத்திரண்டு செகண்டும் எண்ணினேன்.

பாட்டு முடிஞ்ச அதே நொடியில பின்னாடி இருந்து ஒரு கை வந்து என் புடவையை முதுகோட சேர்த்துப் பிடிச்சுது. வயசான ஒரு மேடம். ஒரு வார்த்தை பேசல, என்னைத் தூண் மறைவுக்குக் கூட்டிட்டுப் போய், தன் முந்தானையில இருந்த ஊக்கைக் கழட்டி என் கொசுவத்துல குத்தினாங்க. அப்புறம் அவங்க முந்தானையைக் கையால பிடிச்சுக்கிட்டே ராத்திரி முழுக்க நின்னாங்க. அவங்க வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய ரேங்க்னு எனக்கு மறுநாள்தான் தெரியும்.

அடுத்த மார்ச்ல இவர் செயிலிங் போயிட்டார், நாலு வாரம் தகவலே இல்ல. என் பையனுக்கு டைஃபாய்டு. எனக்கு மலையாளம் வராது, இந்தி வராது. நேவி ஆஸ்பத்திரி பெஞ்சுல என் பக்கத்துல மூணு ராத்திரி உக்காந்திருந்தது அதே மேடம்தான். பால் நைட்ல நான் முகத்தைத் தூக்கி ஒருத்தரையும் பார்க்காம, புடவையையும் இங்கிலீஷையுமே நினைச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருந்தா அவங்களுக்கு என்னைத் தெரிஞ்சிருக்காது. அதனாலதான் சொல்றேன், நீ அங்க போறது உன்னைக் காட்டறதுக்கு இல்ல. அவர் கப்பல்ல போன பிறகு உன் கதவைத் தட்டப் போறவங்க யார், நீ யார் கதவைத் தட்டப் போறன்னு பார்த்து வெச்சுக்க. நாலு பேர் முகம், நாலு பேர் பேர் மனசுல வெச்சுக்கிட்டுத் திரும்பி வா.

சிஓ மேடத்தை, அதாவது கமாண்டிங் ஆபீசரோட வீட்டுக்காரம்மாவை, நீயே போய்ப் பார்த்து, பேர் சொல்லி, வணக்கம் சொல்லு. ரேங்க் அவங்க வீட்டுக்காரருக்குத்தான், அவங்களுக்கும் இல்ல, உனக்கும் இல்ல. அவர் முன்னாடி செய்லரா இருந்தார்ங்கறதை மறைக்காதே. பதினோரு வருஷம் கப்பலை அடிமட்டத்துல இருந்து தெரிஞ்சவர்னு அங்க இருக்கற பெரியவங்களுக்கு அவர் மேல தனி மரியாதை இருக்கும்.

இங்கிலீஷ் பத்தி. ‘எங்கிருந்து வர்றீங்க’ன்னு கேட்பாங்க. வெறுமனே சென்னைன்னு சொல்லிட்டு நிறுத்திடாதே, வடசென்னை, ஹார்பர் பக்கம்னு சொல்லு. எனக்கு அன்னிக்கு அதுதான் கை குடுத்துச்சு. சாப்பிடறப்ப ஒரு பெரிய ஆபீசர் கேட்டார். ராயபுரம், எம்டன் குண்டு போட்ட ஹார்பருக்குப் பக்கம்னு சொன்னேன். ஸ்பூனைக் கீழ வெச்சுட்டார். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து பர்மா ஆயில் கம்பெனி டாங்கைக் கொளுத்தினதும், பாட்டியோட அம்மா குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு செங்குன்றம் பக்கம் போனதும், ஹைகோர்ட் மதில்ல அதுக்குக் கல்வெட்டு இருக்கறதும், பாதி தமிழ் பாதி இங்கிலீஷ்ல சொன்னேன். நேவிக்காரங்களுக்கு எம்டன் படிச்ச பாடம். என் இலக்கணத்தை ஒருத்தரும் கவனிக்கல.

அந்தக் கொண்டாட்டம் எதுக்குன்னும் தெரிஞ்சுக்கிட்டுப் போ. 1971 டிசம்பர் 4 ராத்திரி நிபாத், நிர்காட், வீர்னு மூணு ஏவுகணைப் படகு கராச்சியைத் தாக்கிச்சு, அந்த நாள்தான் நேவி டே. நீ போற விசாகப்பட்டினத்துக்கு வெளியிலதான் அதுக்கு முந்தின ராத்திரி பாகிஸ்தானோட காஸி நீர்மூழ்கி முழுகிச்சு. பீச்ல ‘விக்டரி அட் சீ’ நினைவுச்சின்னம் இருக்கு. பால் நைட்டுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் பொண்ணைக் கூட்டிட்டுப் போய்ப் பாரு.

பெரம்பூர்_சாக்ஸ்:

டான்ஸ் பத்தி நான் சொல்றேன்மா. பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல கிறிஸ்துமஸ், நியூ இயர் டான்ஸுக்கு வருஷக்கணக்கா வாசிச்சவன். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள்ல பாட்டி, பேத்தி எல்லாம் ஒரே ஃப்ளோர்ல ஆடுவாங்க. மேடையில இருந்து பார்க்கறவனுக்கு ஒண்ணு தெரியும், ஸ்டெப் தப்பினவங்களை யாரும் பார்க்க மாட்டாங்க. ஓரமா நின்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கறவங்கதான் கண்ணுல படுவாங்க.

ஆடணும்னு கட்டாயம் கிடையாது. ஆனா உங்க வீட்டுக்காரரோட ஒரே ஒரு ஸ்லோ பாட்டுக்கு இறங்குங்க. ஜைவ்னு வேகமான டான்ஸ் ஒண்ணு இருக்கு, அது வேணாம், பழகினவங்களுக்கு. ஸ்லோ பாட்டுக்கு வலது பக்கம் ஒரு அடி, கால் சேர், இடது பக்கம் ஒரு அடி, கால் சேர். அவ்வளவுதான். புடவையில பெரிய அடி வைக்காதீங்க, பாதி அடி போதும். முந்தானையை மடிச்சு தோள்ல ஊக்கு குத்திடுங்க, பின்னாடி நீளமா தொங்கினா அடுத்தவங்க மிதிப்பாங்க. இன்னிக்கு ராத்திரியே வீடியோ கால்ல ரெண்டு பேரும் பழகலாம், ஆளுக்கு ஒரு ரூம்ல நின்னாலும் பரவாயில்ல, கணக்கு ஒண்ணுதான்.

எண்ணூர்_காத்து:

அக்கா, நான் செய்லர் வீட்டுக்காரி. எங்களுக்கு பால் நைட் கார்டு வராது, அதுல எனக்கு வருத்தமும் இல்ல. நீங்க மேல வந்தது எங்க எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனா மனசுல இருக்கறதைச் சொல்றேன். எங்க லைன்ல ஒரு அக்கா வீட்டுக்காரர் இதே மாதிரி ஆபீசர் ஆனார். குவார்ட்டர்ஸ் மாறினதும் போன் குறைஞ்சுது, அப்புறம் நின்னே போச்சு. என் பிரசவத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோ பிடிச்சுக் குடுத்தவங்க அவங்க. நீங்க பழைய சிநேகிதிங்களை விட்டுடாதீங்க. நேவி வெல்ஃபேர் சங்கத்து மீட்டிங்ல ஆபீசர் வீட்டுக்காரங்க, செய்லர் வீட்டுக்காரங்க ரெண்டு பக்கமும் வருவாங்க, அங்க எங்களைப் பார்த்தா நீங்களே எழுந்து வந்து பேசுங்க. நாங்களா வர தயங்குவோம்.

ராயபுரத்து_அம்மா:

எண்ணூர் பொண்ணு சொன்னதுதான் நான் எழுத மறந்தது. நானும் ரெண்டு பேரை அப்படி விட்டுட்டேன். ஒருத்தங்களைத் தேடிக் கண்டுபிடிக்க பன்னெண்டு வருஷம் ஆச்சு, திருவொற்றியூர்லயே இருந்திருக்காங்க. இன்னொருத்தங்க இன்னும் கிடைக்கல.

தண்டையார்பேட்டை_பொண்ணு:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து அம்மாவோட எம்.சி. ரோடு போய் மயில்கழுத்து நிறத்துல சாஃப்ட் சில்க் எடுத்தாச்சு. டெய்லர் அக்கா சொன்ன மாதிரி செருப்போட போய்த்தான் ஃபால் அளவு குடுத்தேன். மினியேச்சர் மெடல் பத்தி அவருக்கு நினைப்பே இல்லையாம், காலையில ஓடிப் போய் ஆர்டர் குடுத்திருக்கார். ராத்திரி வீடியோ கால்ல பெரம்பூர் அண்ணன் சொன்ன நாலு அடி பழகினோம், என் பொண்ணு நடுவுல வந்து எண்ணுச்சு.

எண்ணூர் சிஸ்டர், உங்க மெசேஜைப் படிச்சதும் பழைய குவார்ட்டர்ஸ்ல என் எதிர்வீட்டுக்காரிக்கு போன் பண்ணினேன். மூணு மாசம் ஆச்சு பேசி. அவங்களும் விசாகப்பட்டினத்துலதான் இருக்காங்க. பால் நைட் அன்னிக்குப் பொண்ணை எங்க வீட்டுல விடுன்னு அவங்களே கேட்டாங்க.

ராயபுரத்து அம்மா, கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு. பர்ஸ்ல ஒரு டஜன் ஊக்கு எடுத்து வெச்சிருக்கேன். ஆறு எனக்கு.