சிறுகுறிஞ்சான்: அந்த 22 பேரில் 5 பேர்

வேலிக்கொடி:
நேற்று ஒருவர் இங்கே "சிறுகுறிஞ்சான் சுகரை அடியோடு விரட்டும், சென்னையிலேயே ஆராய்ந்து நிரூபித்தாயிற்று" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். 1990இல் வெளியான அந்த ஆய்வில் இருந்தது 22 பேர். தினம் 400 மில்லிகிராம் சிறுகுறிஞ்சான் கொடியின் இலைச்சத்து, 18 முதல் 20 மாதம், வழக்கமான மாத்திரையோடு சேர்த்து. மாத்திரையை விட முடிந்தது 5 பேரால். மற்ற 17 பேர்?

வைத்தியர்பேரன்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 5 பேர் விட்டார்களா இல்லையா? மற்றவர்களுக்கும் சர்க்கரை இறங்கியது, மாத்திரை அளவைக் குறைத்தார்கள். அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? எங்கள் தாத்தா இலையை மெல்லச் சொல்லி, உடனே ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் போடுவார். ஆற்றுமணலைத் தின்றது போல இருக்கும். சர்க்கரைக்கொல்லி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

வேலிக்கொடி:
இலையில் இருக்கும் ஜிம்னிமிக் அமிலம் நாக்கில் இனிப்பை மறைக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் ருசி திரும்பிவிடும். நாக்கு ஏமாந்தால் ரத்தமும் ஏமாறுமா? இன்னொன்று, அந்த ஆய்வில் யாருக்கு இலைச்சத்து என்று குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை, வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடவும் இல்லை. நான் கேட்டது அந்த 17 பேர்.

தண்டட்டிப்பாட்டி:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய பொடி காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருக்கிறது, கசப்பே இல்லை. அசல்தானா?

வைத்தியர்பேரன்:
நிழலில் உலர்த்தினால் பச்சை மாறாது பாட்டி. வேலிக்கொடியாரே, நிலவேம்பு விவாதத்திலும் இப்படித்தான் கடைசிவரை ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்கினீர்கள். சர்க்கரைக்கு நீங்கள் போடுகிற மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் மூலம் ஐரோப்பாவின் ஒரு செடிதான், தெரியுமா?

வேலிக்கொடி:
தெரியும். அந்தச் செடியில் இருந்த பொருள் நஞ்சு என்று அதை ஒதுக்கி, வேறு பொருளைச் செய்து, சோதித்த பிறகுதான் மாத்திரை வந்தது. செடியை அரைத்து டப்பாவில் அடைக்கவில்லை. நிலவேம்பில் நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை, அதுவும் நினைவிருக்கிறது. என் சித்தப்பா இப்படி ஒரு பேச்சைக் கேட்டு மாத்திரையை விட்டுப் பொடிக்கு மாறினார். மூன்றாம் வாரம் வெறும் வயிற்றில் 312. வீட்டு மீட்டரை நம்பாமல் மூன்று முறை குத்திப் பார்த்தோம், விரல் நுனி நீலம் பாரித்துவிட்டது.

வைத்தியர்பேரன்:
நான் எங்கே மாத்திரையை விடச் சொன்னேன்?

வேலிக்கொடி:
"அடியோடு விரட்டும்" என்றால் வேறென்ன பொருள், பண்டிதரே?

மருந்தாளுநர்:
மாத்திரையோடு சேர்த்துத் தின்றாலும் ஆபத்து உண்டு. சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து வியர்த்து விழுவார்கள். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

வைத்தியர்பேரன்:
வந்துவிட்டார் மருந்துக்கடைக்கு வக்காலத்து வாங்க. 5 பேர், ஐயா, 5 பேர்!

வேலிக்கொடி:
17.

தண்டட்டிப்பாட்டி:
பொடியைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?