கான்லாங், மைக்ரோநேஷன்: ஆக்கமொழி, ஆக்கநாடு?

நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்கு இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். கான்லாங் (conlang), அதாவது தானாக வளராமல் யாரோ திட்டமிட்டு உருவாக்கிய மொழிக்கு 'ஆக்கமொழி'. மைக்ரோநேஷன் (micronation), அதாவது சிலர் தாங்களாகவே அறிவித்துக்கொள்ளும், எந்த அரசும் ஏற்காத நாட்டுக்கு 'ஆக்கநாடு'. குழுவில் வந்த கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

> கான்லாங் என்பதற்குச் 'செயற்கை மொழி' போதாதா? இன்னொரு சொல் எதற்கு?

போதாது என்றுதான் நினைக்கிறேன். 'செயற்கை'யைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொண்டு போய்விட்டது. கல்லூரிப் பிள்ளைகளிடம் 'செயற்கை மொழி' என்றால் பைத்தான் மாதிரி கணினி நிரல்மொழியா என்றுதான் கேட்பார்கள். தவிர, உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராந்தோவைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்களே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பேச்சைச் செயற்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முந்தைய மடலில் வந்த 'புனைமொழி' கேட்க அழகுதான். ஆனால் தமிழில் உண்டாக்குவதைச் சொல்லும் வினைகள் எப்படியோ பொய்யில் போய் முடிகின்றன. புனை என்றால் புனைசுருட்டு, கட்டு என்றால் கட்டுக்கதை, இன்னும் கொஞ்சம் போனால் இட்டுக்கட்டுதல். கதைகளுக்காகச் செய்த மொழிகளுக்குப் புனைமொழி பொருந்தலாம், பொதுப்பெயராக ஒத்துவராது. 'ஆக்கு' மட்டும் கெட்டுப்போகாமல் இருக்கிறது. அதனால் ஆக்கமொழி.

அப்புறம் மைக்ரோநேஷன். 'நுண்நாடு' என்று எழுதுகிறோம். கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆகிற கணக்கில் இது நுண்ணாடு ஆகும். படிப்பவருக்குச் சின்ன ஆடுதான் தெரியும். வேடிக்கை இருக்கட்டும், மொனாகோவும் நுண்ணியதுதானே? அது ஐ.நா. உறுப்பு நாடு. நாம் பேசுவது அளவைப் பற்றியல்ல. எந்த அரசும் ஏற்காத நிலையிலும் சிலர் கூடி 'இது எங்கள் நாடு' என்று ஒன்றை ஆக்கிக்கொள்வதைப் பற்றி. ஆக்கநாடு என்றால் ஆக்கமொழியோடு சோடியும் சேரும்.

சொல் நிற்குமா என்று மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தேன்.

முதலில், இன்று பெல்ஜியத்தில் இருக்கும் நடுநிலை மோரெஸ்னே (Neutral Moresnet) என்ற ஊர். 1816-ல் எல்லை பிரித்தபோது, அங்கிருந்த துத்தநாகச் சுரங்கத்தை நெதர்லாந்தும் பிரஷ்யாவும் விட்டுக்கொடுக்கவில்லை. சுமார் 3.5 சதுர கிலோமீட்டர் நிலம் யாருக்கும் இல்லாமல் இருவருக்கும் பொதுவாகிப்போனது. 1885-ல் சுரங்கம் வற்றிய பிறகு, இந்த ஊர் எதற்காகத் தனியாக இருக்கிறது என்ற கேள்வி வந்தது. மருத்துவர் வில்ஹெல்ம் மோலி அதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டே இருந்தவர். 1886-ல் உள்ளூர் அஞ்சல்தலை வெளியிட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. 1908-ல் எஸ்பெராந்தோ நாடு ஆக்கலாம் என்றார். பெயர் அமிகேயோ, 'அமிக்' நட்பு, 'எய்' இடம். நாம் வைத்திருந்தால் நட்பகம் என்று வைத்திருப்போம். நாட்டுப்பண்ணுக்கு எஸ்பெராந்தோவில் வரிகள் எழுதி, ஜெர்மானியர்களின் கிறிஸ்துமஸ் மரப் பாட்டு மெட்டில் பாடினார்கள். முதல் உலகப்போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தம் ஊரைப் பெல்ஜியத்திடம் கொடுத்ததோடு எல்லாம் முடிந்தது. இங்கே நிலம் உடன்படிக்கையால் வந்தது, மொழி மட்டும் ஆக்கமொழி. ஆகவே மோரெஸ்னேயை ஆக்கநாடு என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது ரோஜாத் தீவு. ஜோர்ஜோ ரோசா என்ற இத்தாலியப் பொறியாளர் ரிமினிக்கு எதிரே கடலில், அன்றைய இத்தாலியக் கடல் எல்லைக்குச் சற்று வெளியே, தூண் நட்டு 400 சதுர மீட்டரில் ஒரு மேடை கட்டி, 1968-ல் அதைத் தனி நாடென்று அறிவித்தார். ஆட்சிமொழி எஸ்பெராந்தோ. அஞ்சல்தலையிலும் அதுவே. சில வாரங்களில் இத்தாலியக் காவல்படை மேடையைப் பிடித்தது. 1969-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கேளிக்கை வியாபாரம் செய்து வரி ஏய்க்கத்தான் இதெல்லாம் என்பது அரசுத் தரப்பு. இத்தாலியன் பேசினால் 'நீ இத்தாலியில்தானே இருக்கிறாய்' என்பார்கள். எஸ்பெராந்தோ அந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்தியது. ஆனால் மேடை கடலுக்குள் போனதில் எஸ்பெராந்தோவுக்கு ஒரு நட்டமும் இல்லை. அது அந்த நாட்டின் மொழியாக ஆகவே இல்லை, வாடகைக்கு வந்ததுதான்.

தலோசா வேறு சாதி. 1979 டிசம்பரில் மில்வாக்கியில் ராபர்ட் பென் மேடிசன் என்ற 14 வயதுப் பையன் தன் படுக்கையறையைத் தனி அரசாக அறிவித்தான். தலோசா என்றால் பின்னிஷ் மொழியில் 'வீட்டில்'. நம் வேற்றுமை உருபு மாதிரியே அங்கும் பின்னால்தான் ஒட்டும். அடுத்த ஆண்டு மொழி ஆக்கத் தொடங்கினான். லத்தீன் குடும்பச் சாயல், பழைய ஆங்கிலத்தின் தோர்ன் எழுத்து, பின்னாளில் பல்லாயிரம் சொல் கொண்ட அகராதி. மொழிக்கென்று ஒரு குழுவும் இருக்கிறது. எழுத்துக்கூட்டலைச் சீர்திருத்தவும் செய்தார்கள். 2004-ல் ஒரு கூட்டம் பிரிந்து போய்த் தனிக் குடியரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு மேடிசனும் விலகினார். பிரிந்தவை 2012-ல் மறுபடி சேர்ந்தன. ஆக்கியவர் போனபின்னும் மொழி ஓடுகிறது. நிலமோ படையோ காட்ட முடியாதவர்களுக்கு, உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று இருப்பது பெரிய விஷயம். சில ஆக்கநாடுகளில் பணம் கட்டிப் பட்டம் வாங்கிவிடலாம். வினைத்திரிபை அப்படி வாங்க முடியாது.

நம்மவர்களுக்கு உடனே நினைவு வருவது கைலாசாதான். அதற்கு மொழி ஆக்கும் வேலையே இல்லை. சமஸ்கிருதம், தமிழ், ஆங்கிலம் எல்லாம் தயாராக இருந்தன. ஆக்கநாடு உண்டு, ஆக்கமொழி இல்லை. இரண்டையும் தனித்தனிச் சொல்லாகவே வைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

> எல்லா நாடும் ஒரு காலத்தில் யாரோ ஆக்கியதுதானே?

சரி, மறுக்கவில்லை. ஆனால் அது வாதம். கலைச்சொல் பட்டியலுக்கு வேண்டியது அடையாளச் சீட்டு. எல்லா மொழிக்கும்கூட அப்படிச் சொல்லலாம்.

எனக்கே உறுத்துவது வேறொன்று. கான்லாங் செய்பவரை எப்படிச் சொல்வது? 'மொழியாக்குநர்' என்றால் மொழிபெயர்ப்பாளர்கள் சண்டைக்கு வருவார்கள், மொழியாக்கம் அவர்கள் சொத்து. 'ஆக்கமொழியர்' பேசுபவரைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. இதற்கு யாராவது சொல் தந்தால், மூன்றையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.