பிள்ளைகள் எழுதின அறிவியல் கவிதைகளில் உங்களுக்கு மறக்காதது எது?

ஆடுதுறை டியூஷன் அக்கா:
என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். ஐப்பசி மழை நாளில் 'இயற்கை' என்று தலைப்புக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். பன்னிரண்டு நோட்டிலும் 'இயற்கை அன்னையே வாழ்க'. மேடைப் பேச்சு மாதிரி. மறுநாள் தலைப்பே கொடுக்கவில்லை. இருட்டினதும் டார்ச்சோடு வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனேன். தொண்டைக்கடியில் பலூன் ஊதிக்கொண்டு கத்தியது ஒரு தவளை. ஆண் தவளைதான் அப்படிக் கத்திப் பெண்ணைக் கூப்பிடும் என்றேன், அவ்வளவுதான். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதினது:

கத்துறதெல்லாம் ஆம்பளத் தவள
கேக்குறது பொம்பளத் தவள
எங்க வீட்ல
அப்பா கேப்பாரு

வடுவூர்ப் பக்கம், ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார்:
சிரித்துவிட்டேன் அம்மா. என் அனுபவம் நத்தைகுத்தி நாரை. மூக்கை மூடினாலும் நடுவில் சந்து தெரியுமே, அதுதான். ஒரு பெண், 'நத்தையை உடைத்து உடைத்து மூக்குத் தேய்ந்த நாரை' என்று எழுதினாள். நல்ல வரிதான். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும் என்பதால் அவள் ஊகத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் 'உடைத்து' என்ற சொல் எனக்கு உறுத்தியது. அடித்துத் திருத்தாமல், வரப்பில் கிடக்கும் ஓடுகளைப் பொறுக்கிவரச் சொன்னேன். பாவாடை மடியில் அள்ளிவந்தாள். பெரும்பாலும் முழு ஓடு! நாரை அலகு நுனியை உள்ளே விட்டுச் சதையை மட்டும் இழுத்துவிடுகிறது. அன்றே மாற்றி எழுதினாள்:

ஓடு உடையல
உள்ள இருந்தவரக் காணோம்
பூட்ட ஒடைக்காத திருடன்
ஒத்தக்கால்ல நிக்கிறான்

முதல் வரியை நான் பாராட்டி அனுப்பியிருந்தால் இந்தத் திருடன் கிடைத்திருப்பானா?

கும்பகோணத்துத் தமிழாசிரியர்:
எல்லாம் சரி சார், எதுகை மோனை வேண்டாமா? பேசுகிறதை மடித்து மடித்து எழுதினால் கவிதையா? எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். பட்டீசுவரத்தை ஒட்டின சத்திமுற்றத்துப் புலவர் செங்கால் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கு என்றார். இந்த உவமையை வகுப்பில் பல வருஷம் ஒப்பித்தேன், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒரு பொங்கலுக்கு அவித்த கிழங்கைக் கொண்டுபோய்ப் பிளந்து காட்டினேன். 'ஐயா, மூக்கு!' என்று கத்தினான் கடைசி பெஞ்ச். தென்திசைக் குமரியாடி வடதிசைக்குப் போவதையும் புலவர் சொல்கிறாரே, வலசை தெரிந்த மனுஷன்.

முத்துப்பேட்டை அம்மா:
நான் டீச்சர் இல்லை. படகில் அலையாத்திக் காட்டுக்குப் போனபோது என் மகள் ஒரு இலையை நக்கிவிட்டு 'கரிக்குதும்மா' என்றாள். வேர் இழுத்த உப்பை இலை வெளியே தள்ளும் என்றார் படகுக்காரர். வீட்டுக்கு வந்து எழுதினாள்: 'மரத்துக்கும் வேர்க்குது, துடைக்கத்தான் துண்டு இல்ல.' எதுகை இல்லை சார், மன்னிக்கவும்.

கும்பகோணத்துத் தமிழாசிரியர்:
'துடைக்க', 'துண்டு'. மோனை இருக்கிறது அம்மா. பிள்ளைக்கே தெரியாமல் வந்திருக்கிறது.

ஆடுதுறை டியூஷன் அக்கா:
தவளைப் பையனின் அம்மா நேற்று நோட்டைப் பார்த்துவிட்டார். கடைசி இரண்டு வரியை அடித்துவிடச் சொல்கிறார். அப்பாவோ ஜெராக்ஸ் கேட்கிறார்.